பேழைக்கு வெளியே நின்றவர்கள்



இவ்வாரம் ஒரு சிறுவனின் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். அது என்னிடம் கேட்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்ட அன்று நான் விடை சொல்லவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன். போதகர்களாகிய எங்களுக்கு அது நன்றாகவே கைவரும்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி. சிறுபிள்ளைகளின் வகுப்பில் நோவாவின் பேழையைப் பற்றிய வண்ணப் படப்புத்தகம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீங்களும் அத்தகைய புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யானை துதிக்கையை உயர்த்தியிருக்கும். நோவா தாத்தா சிரித்துக்கொண்டிருப்பார். கீழே தண்ணீர் துணிக்கு இடும் நீலம்போல் சுத்தமாக இருக்கும். அடுத்த பக்கத்தில் வானவில். பிள்ளைகள் வானவில்லுக்குக் கைதட்டினார்கள். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் எழுந்து வந்து, நான் திருப்பிய பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பினான். அந்த நீலத் தண்ணீரின்மேல் விரலை வைத்து, "ஐயா, கப்பலுக்கு வெளிய நின்னவங்கல்லாம் எங்க?" என்றான்.

"ஒட்டகச்சிவிங்கி எத்தனை இருக்குன்னு எண்ணு பாப்போம்" என்றேன். அவன் எண்ணவில்லை. போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான்.

அவன் யார் என்பதைச் சொல்லவேண்டும். அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியே எழுதுகிறேன். அவனுடைய அம்மாவிடமும் அம்மாச்சியிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதவும் செய்கிறேன். அவனுடைய தகப்பனார் பட்டாசுத் தொழிலாளி. நம் மாவட்டத்தில் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெயர் தாங்கி நினைவில் நிற்பவை இவை. ஓரிருவர் மட்டும் இறக்கும் விபத்துகள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்து மறைந்துவிடுகின்றன. அவனுடைய தகப்பனார் அப்படியொரு நான்கு வரிக்குள் அடங்கிப்போனார்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பட்டாசுக்கு உலகறிந்த சிவகாசியே அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். நம் வீட்டு நாட்காட்டியும், பிள்ளைகளின் பாடப்புத்தகமும், கடையில் தொங்கும் வண்ணக் கதைப்புத்தகமும் அந்த இயந்திரங்களிலிருந்து வெளிவருகின்றன. நான் அன்று காட்டிய பேழைப் புத்தகத்தின் பின்னட்டையிலும் சிவகாசி முகவரிதான் இருந்தது. இதை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன். அடக்க ஆராதனையை நடத்தியவன் நானே. கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து, எல்லோரும் சொல்லுகிற வார்த்தைகளையே நானும் சொன்னேன்: அப்பாவை ஆண்டவர் தம்மிடம் எடுத்துக்கொண்டார், நீ அழக்கூடாது, அம்மாவுக்கு இனி நீதான் தைரியம் சொல்லவேண்டும். சுற்றி நின்ற பெரியவர்கள் தலையசைத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு குடும்பத்தைத் தூக்கி வைத்துவிட்டு நான் வீடு திரும்பினேன்.

ராஜபாளையத்துக்கும் சத்திரப்பட்டிக்கும் இடையில் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்குத் தாயும் மகனும் குடிவந்தார்கள். விடுமுறைப் பள்ளி முடிந்த மறுவாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவர்களைப் பார்க்கப் போனேன். அம்மாச்சி என்னைத் தனியே அழைத்துச் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். "ராத்திரி ஜெபம் பண்ணச் சொன்னா வாயப் பொத்திக்கிடுதான் ஐயா. சத்தங் கேட்டுச்சுன்னா ஆண்டவரு வந்து அம்மாவையும் எடுத்துக்கிடுவாராம்."

அன்பானவர்களே, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்துவருகிறேன். என்னுடைய வார்த்தை ஒன்றை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டு, இவ்வளவு நேர்மையாக நம்பியதை அன்றுதான் கண்டேன். யோபுவின் சிநேகிதரை நாம் பிரசங்கத்தில் எளிதாகக் கண்டிக்கிறோம். ஆயினும் அவர்கள் வாய்திறப்பதற்கு முன் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து மௌனமாக இருந்தார்கள். நான் ஏழு நிமிடமும் இருக்கவில்லை.

அதன்பின் நான் மாணவனானேன். சென்னையில் ஆசிரியையாக இருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, துக்கம் கண்ட பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட படப்புத்தகங்களை ஒரு பை நிறைய அனுப்பிவைத்தாள். பெரியவர்களுக்கான ஆறுதல் நூல்களை அலமாரி கொள்ளாமல் வைத்திருக்கும் எனக்கு, 32 பக்கத்தில் முடிந்துவிடும் இவை முதலில் விளையாட்டாகத் தோன்றின. மொட்டைமாடியில் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். மேற்கே செண்பகத்தோப்பு மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்குப் போட மனமில்லாமல் இருந்தேன்.

அவற்றில் ஒன்று, மார்கரெட் ஹோம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் வருவது ரக்கூன் என்னும் சிறு விலங்கு. ஷெர்மன் என்று பெயர். அவன் ஏதோ ஒரு பயங்கரத்தைப் பார்த்துவிடுகிறான். என்ன பார்த்தான் என்பதைப் புத்தகம் கடைசிவரை சொல்லுவதில்லை. அவன் அதை நினையாதிருக்க முயலுகிறான்; ஓடியாடிப் பார்க்கிறான், பாடிப் பார்க்கிறான். பிறகு வயிறு வலிக்கிறது, பசிப்பதில்லை, கெட்ட கனவு வருகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. ஒரு பெண்மணி அவனோடு உட்கார்ந்து பேசவும் படம் வரையவும் உதவுகிறாள். கதை இவ்வளவே. அந்தப் பயங்கரம் இன்னதென்று சொல்லாமல் விட்டதால் அவ்விடத்தில் எந்தப் பிள்ளையும் தன்னுடையதை வைத்துக்கொள்ளலாம். பட்டாசு ஆலையை வைக்கலாம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனை வைக்கலாம். நெடுஞ்சாலை விபத்தை வைக்கலாம். விலங்கின் கதையாதலால் பிள்ளை வெட்கப்படவும் வேண்டியதில்லை.

இன்னொன்று, மைக்கேல் ரோசன் என்ற ஆங்கிலக் கவிஞர் தம் மகன் எடி 18 வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்தபின் 2004இல் எழுதிய புத்தகம். படங்கள் குவென்டின் பிளேக் வரைந்தவை. முதல் பக்கத்திலேயே ஒரு மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். உண்மையில் அது துக்கம் என்றும், வருந்திய முகத்தைக் காட்டினால் பிறருக்குத் தம்மைப் பிடிக்காது என்பதால் மகிழ்ச்சியாயிருப்பதுபோல் நடிப்பதாகவும் எழுத்து சொல்லுகிறது. ஞாயிறுதோறும் ஆலய வாசலில் "சுகமா?" என்று நான் கேட்கும்போது நீங்கள் எனக்குத் தரும் சிரிப்பை அங்கே கண்டேன். உங்களுக்கு நான் தருவதையும் கண்டேன். கடைசிப் பக்கத்தில் சொல் ஏதும் இல்லை. மேசையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அந்த மனிதர் அதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வானவில் இல்லை.

நம் நாட்டிலும் இவ்வகை நூல்கள் உண்டு. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் வெளியிட்ட நீனா சப்னானியின் படக்கதை ஒன்றில், 1947 பிரிவினையின்போது முகுந்த் என்ற சிறுவன் கராச்சியையும் தன் நண்பன் ரியாஸையும் விட்டுப் பிரிகிறான். ஆசிரியையின் தகப்பனாருடைய நினைவிலிருந்து பிறந்த கதை அது. படங்கள் துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த வேலைப்பாட்டின் சாயலில் இருக்கின்றன. கலவரத்தின் கோரம் ஏதும் அதில் இல்லை. ஒரு தொப்பி இருக்கிறது, ஒரு கப்பல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது. மேலும், 2004 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோன ஆழிப்பேரலையைப் பற்றி, வங்காளத்துப் பட்டுவா ஓவியர்களான ஜொய்தேப், மொய்னா சித்திரகர் ஆகிய இருவர் வரைந்த நூலைச் சென்னை தாரா பதிப்பகம் 2009இல் வெளியிட்டது. படச்சுருளை விரித்துக் காட்டிக்கொண்டே ஊர் ஊராகப் பாடுவது அவர்களுடைய மரபு. புத்தகமும் அவ்வாறே மடிப்பு மடிப்பாக நீளமாய் விரிகிறது. அதை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தபோது அந்தச் சிறுவனின் கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் மனிதர்கள் இருந்தார்கள். அலையில் அகப்பட்டவர்களை அந்த ஓவியர்கள் மறைக்கவில்லை.

நாம் மறைக்கிறோம். நம் கிறிஸ்துமஸ் நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பர் வருவர், சாஸ்திரிகள் வருவர், ஏரோதும் கிரீடம் சூடி ஒருமுறை வந்து போவான். பெத்லகேமின் குழந்தைகளுக்கு நேர்ந்தது மேடைக்கு வருவதில்லை. மத்தேயுவோ அதை எழுதியிருக்கிறார். ஆறுதல் பெற மறுத்து அழும் ராகேலின் குரலையும் அவ்விடத்தில் கேட்கச் செய்கிறார். திருமறை தன் பிள்ளைகளிடம் எதையும் நீலச் சாயம் பூசி மறைப்பதில்லை, பூசுகிறவர்கள் நாம். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறோம். ஏற்கெனவே பயந்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சாயம் வேறு செய்தியைச் சொல்லுகிறது: உனக்கு நேர்ந்ததை இங்கே யாரும் பேசமாட்டார்கள்.

ஆயினும் எல்லாவற்றையும் எல்லா வயதுக்கும் காட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஹிரோஷிமாவின் அணுகுண்டு நாளைப் பற்றித் தோஷி மாருகி 1980இல் ஒரு படப்புத்தகம் செய்தார். அதில் வரும் சிறுமி, குண்டு விழுந்த காலையில் உண்டுகொண்டிருந்த உணவுக்குச்சிகளை நாட்கணக்கில் கையைவிட்டு விடமாட்டாள். தாய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கடந்துபோக எனக்கே நேரம் பிடித்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் அதைத் தனியே கொடுக்கமாட்டேன். பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து வாசிக்கவேண்டிய நூல் அது.

அருகில் அமர்வது என்று எழுதும்போது மட்டக்களப்பு நினைவுக்கு வருகிறது. இலங்கைப் போரின் நடுவே, 1996இல், பால் ஹோகன் என்ற கனடிய ஓவியரும் இயேசு சபைக் குருவானவர் பால் சற்குணநாயகமும் சேர்ந்து அங்கே 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' என்று பிள்ளைகளுக்காக ஒரு தோட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தங்கள் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருவார்கள். களிமண் இருக்கும், வண்ணம் இருக்கும், கதையும் பாட்டும் நாடகமும் இருக்கும். என்ன நடந்தது சொல் என்று பிள்ளையை உட்காரவைத்து விசாரிக்கும் இடமல்ல அது. களிமண்ணைப் பிசைந்துகொண்டிருக்கும் கை தானாகச் சொல்லும்போது கேட்க ஒருவர் இருப்பார். குண்டும் ஷெல்லும் விழுந்துகொண்டிருந்த மண்ணில் அவர்கள் இதற்கு நேரம் ஒதுக்கினார்கள் என்பதை நினைத்து நான் வெட்கப்படுகிறேன்.

ஷெர்மன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். சத்திரப்பட்டிப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே பேண்டேஜ் துணிதான் பிழைப்பு. மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் அந்த வெள்ளைத் துணியின் பொதிகள் திண்ணையில் கிடந்தன. அவற்றின்மேல் சாய்ந்துகொண்டு பையன் கேட்டான். நான் ஆங்கிலப் புத்தகத்தை நம்முடைய பேச்சில் வாசித்தேன். வயிற்றுவலிப் பக்கம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினான். "இவனுக்கும் வலிக்கா?" என்றான். "ஆமா" என்றேன். இம்முறை பேச்சை மாற்றவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போக அவன் விடவுமில்லை. அன்று பாதியில் முடித்தோம். அதற்குப் பின் எத்தனை முறை வாசித்தோமென்று கணக்கில்லை. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையை நாம் சலித்துக்கொள்ளுகிறோம். நடந்த கொடுமை அவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. புத்தகத்தின் பக்கமோ அவன் கை திருப்பினால்தான் திரும்புகிறது. பயமான பக்கம் எப்போது வரும் என்பது அவனுக்குத் தெரியும். மூடவேண்டுமானால் மூடலாம்.

இந்தத் துணி ஏன் இத்தனை இழைவிட்டு நெய்திருக்கிறது என்று நான் சும்மா கேட்டேன். அம்மாச்சி சிரித்துக்கொண்டு, "அடச்சுக் கட்டுனா புண்ணு அழுகிப்போகுமே ஐயா" என்றார். தறி வேலைக்காரியின் சாதாரணப் பதில். எனக்கு அன்று இரவு உறக்கமில்லை.

அடுத்த மாதம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் நான் சொன்னது சரியல்ல என்றேன். வெடிமருந்தில் உராய்வு பட்டால் தீப்பிடிக்கும். அதனால் விபத்து நடந்தது, அப்பா இறந்தார். ஜெபம் கேட்டு ஆண்டவர் வந்து எடுத்துப்போகவில்லை. ஆண்டவருக்கும் அழுகை வரும், லாசருவின் கல்லறையில் அவர் அழுதார். நீயும் அழலாம் என்றேன். அவன் நெடுநேரம் யோசித்து, "அப்போ அம்மாவுக்கு?" என்றான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. "அம்மா இன்னைக்கி நல்லாருக்காங்க. ஆறு மணி பஸ்ல வந்துருவாங்க" என்றேன். ஆறு மணிப் பேருந்து ஆறேகாலுக்கு வந்தது. அந்தக் கால்மணி நேரம் அவனோடு நானும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வரையத் தொடங்கினான். முதல் தாள் முழுதும் கறுப்பு, தாள் கிழியும்வரை. இது என்ன என்று கேட்காதிருக்க நான் என்னை அடக்கிக்கொள்ளவேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் பதினோரு தாள்கள் சேர்ந்தன. அம்மாச்சி அவற்றை ஒன்றாகத் தைத்துக் கொடுத்தார், பேண்டேஜ் துணியில் அட்டை போட்டு. அதில் என்ன இருக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவனுடைய புத்தகம்.

படப்புத்தகம் மருத்துவத்துக்கு மாற்றல்ல என்பதையும் போதகன் என்ற முறையில் தெளிவாகச் சொல்லுகிறேன். துக்கம் கண்ட பிள்ளை ஒரு மாதத்துக்குப் பின்னும் உறங்காமல், உண்ணாமல், பேசாமல் இருந்தால், படுக்கையை நனைப்பது மீண்டும் தொடங்கி நிற்காமல் இருந்தால், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098. நாங்களும் இவனை மருத்துவரிடம் காட்டினோம். விசுவாசக் குறைவினால் போகவில்லை. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான், உபதேசமல்ல.

அவன் குணமாகிவிட்டான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இப்போது ஜெபம் செய்கிறான். பள்ளியில் ஓடுகிறான், சண்டை போடுகிறான். தீபாவளி வாரத்தில் மட்டும் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளுகிறான்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் ஆலய முற்றத்தில் சரவெடி கொளுத்துவது நீண்டகால வழக்கம். சென்ற ஆண்டு அதை நிறுத்தவேண்டும் என்று சபைக் கமிட்டியில் சொன்னேன். எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களில் இருவர் பட்டாசு ஆலைத் தொழிலாளர். அது தங்கள் பிழைப்பு, ஆலயமே வெடியை வெறுத்தால் தங்கள் கை வேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் விடையில்லை. கடைசியில் பையனிடமே கேட்டோம். வெடிக்கவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. எப்போது வெடிப்பார்கள் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் போதும் என்றான். ஆகவே சென்ற டிசம்பர் 24 இரவு, ஆசீர்வாதத்துக்குப் பின் நான் ஒலிபெருக்கியில், பத்து நிமிடத்தில் வெடி போடப்படும் என்று அறிவித்தேன். அவன் எழுந்து போனான். அவன் பின்னால் இன்னும் நான்கு பேர் எழுந்து போனார்கள். அவர்களில் மூவர் பெரியவர்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்ததென்று இதுவரை நான் கேட்டதேயில்லை.

அந்தப் பை புத்தகங்கள் இப்போது ஆலய அலுவலறையில் மர அலமாரியின் கீழ்த்தட்டில், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. சாவி கோயில்பிள்ளையிடம் உண்டு. பெயர் எழுதவேண்டியதில்லை, ஏன் என்று அவர் கேட்கமாட்டார். பேழைப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. அதன் நீலத் தண்ணீரில் யாரோ பென்சிலால் சிறு சிறு மனிதர்களை வரைந்திருக்கிறார்கள். தயவுசெய்து அவற்றை அழிக்கவேண்டாம்.